கங்கோத்ரி பனியாறு எவ்வளவு பின்வாங்கியது? செயற்கைக்கோள் படங்களில் நாமே அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மயூர் விஹார் பக்கம் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் யமுனைத் தண்ணீர் அல்ல, கங்கைத் தண்ணீர். கோமுக்கில் கங்கோத்ரி பனியாற்றின் அடியிலிருந்து புறப்படும் பாகீரதி, டெஹ்ரி அணையில் தேங்கி, ஹரித்வாரில் மேல் கங்கைக் கால்வாய்க்குள் திரும்பி, முராத்நகரிலிருந்து குழாய் வழியே சோனியா விஹார், பாகீரதி சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வந்து சேர்கிறது. அதில் பனியாறு உருகி வரும் நீர் ஒரு பங்குதான். மழையும் குளிர்காலப் பனியும் தருவது அதைவிட அதிகம். ஆனாலும் அந்தப் பனியாறு எந்த வேகத்தில் பின்வாங்குகிறது என்ற கேள்வி டெல்லிவாசிக்குத் தூரத்துச் சங்கதி இல்லை.

பதிலைச் செய்தித்தாளில்தான் தேட வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1984 முதல் எடுத்த படங்கள் 2008இலிருந்து இலவசம். நேரு பிளேஸில் கிடைக்கும் சாதாரண 8 ஜிபி ரேம் லேப்டாப், கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், நாலைந்து வாரக் கடைசிகள் இருந்தால் ஒரு பனியாற்றை ஒழுங்காக அளந்துவிடலாம். கல்லூரி புராஜெக்ட் செய்பவர்களுக்கும் பள்ளியில் புவியியல் நடத்துபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு

கங்கோத்ரியின் முகப்பு (பனியாறு முடியும் கீழ்நுனி) 1960களின் நடுவிலிருந்து 2006 வரை ஆண்டுக்குச் சராசரியாக 20 மீட்டர் அளவில் பின்வாங்கியதாக ஆய்வுகள் சொல்கின்றன. லேண்ட்சாட் படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டர். அதாவது பனியாறு ஓர் ஆண்டில் நகரும் தூரம் ஒரு பிக்சலுக்கும் குறைவு. போன வருஷப் படத்தையும் இந்த வருஷப் படத்தையும் பக்கத்தில் வைத்து "18 மீட்டர் போய்விட்டது" என்று யாராவது சொன்னால், அவர் அளந்தது பனியாற்றை அல்ல, தன் மவுஸ் எங்கே க்ளிக் ஆனது என்பதை.

எனவே எந்தப் படத்தையும் இறக்கும் முன்பே பிழையைக் கணக்கிட்டுவிட வேண்டும். வழக்கமான சூத்திரம் இது: இரண்டு படங்களின் பிக்சல் அளவையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில் உள்ள பிழையை அதனுடன் சேர்க்க வேண்டும்.

லேண்ட்சாட் 5, லேண்ட்சாட் 8 இரண்டும் 30 மீட்டர். வர்க்கமூலம் 42, பொருத்தப் பிழை 15 என்று வைத்தால் மொத்தம் ±57 மீட்டர். 2001இன் லேண்ட்சாட் 7 பான்குரோமாட்டிக் (கறுப்பு வெள்ளை) பேண்டையும், அதாவது அலைவரிசையையும், (15 மீட்டர்) இன்றைய ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தையும் (10 மீட்டர்) எடுத்தால் ±33 மீட்டர். இரண்டுமே சென்டினல்-2 என்றால் ±29 மீட்டர்.

ஆண்டுக்கு 20 மீட்டர் போகும் பனியாற்றில் ±57 மீட்டரைத் தாண்டவே மூன்று ஆண்டு ஆகும். தாண்டினால் மட்டும் போதாது, நன்றாகத் தாண்ட வேண்டும். லேண்ட்சாட்டுக்குக் குறைந்தது பத்து ஆண்டு இடைவெளி, சென்டினலுக்கு ஐந்து. ஆண்டுக்கு 5 மீட்டர் மட்டும் போகும் சின்னப் பனியாறுகளுக்கு இருபது, முப்பது ஆண்டு கூட வேண்டியிருக்கும். வருஷம் தவறாமல் முப்பது படம் சேர்ப்பதைவிட, நல்ல படமாக மூன்றே மூன்று எடுப்பது உருப்படியான வேலை.

இதை மனதில் வைத்துப் பழைய முடிவுகளையும் படிக்க வேண்டும். இஸ்ரோவின் அகமதாபாத் மையம் முன்னின்று செய்து 2014இல் வெளியான ஆய்வில், 2000–01க்கும் 2010–11க்கும் இடையே இமயத்தில் 2,018 பனியாறுகளைப் பார்த்தார்கள். 1,752 நிலையாக உள்ளன, 248 பின்வாங்கின, 18 முன்னேறின என்பது முடிவு. "87 சதவீதம் நிலையாக இருக்கிறதே, பிறகென்ன பயம்" என்று அது பேசப்பட்டது. அதற்குப் பயன்பட்ட, இந்திய ஐஆர்எஸ் செயற்கைக்கோள் வரிசையின் லிஸ்-3 கேமரா படங்களில் பிக்சல் 23.5 மீட்டர், இடைவெளி பத்து ஆண்டு. அந்தப் பிக்சலில் 'நிலை' என்றால் பிடிபடும் அளவுக்கு முகப்பு நகரவில்லை என்றுதான் பொருள்.

எந்தப் பனியாறு?

கங்கோத்ரியில் ஆரம்பிக்காதீர்கள். அதன் கீழ்ப்பகுதி முழுக்கக் கல்லும் மண்ணும் மூடியது; கையெழுத்துப் பழகாதவர் கல்வெட்டு வாசிக்க உட்கார்ந்த கதையாகிவிடும். லடாக்கின் சான்ஸ்கார் பகுதியில் பென்சி லா கணவாயிலிருந்து கண்ணெதிரே தெரியும் டிராங் டிருங் பனியாறு பழகுவதற்கு ஏற்றது. பனி சுத்தமாக வெளியே தெரியும், முகப்பு எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் குறைவு. இமாச்சலின் லாஹௌலில் உள்ள சமுத்திர டாப்பு இன்னொரு நல்ல தேர்வு. அதன் முகப்பு ஓர் ஏரியில் முடிவதால் பனிக்கும் நீருக்கும் இடையே கோடு தெளிவாக விழும்.

பக்கத்திலேயே இருக்கும் சோட்டா ஷிக்ரியையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டெல்லி ஜேஎன்யு ஆய்வாளர்கள் 2002 முதல் நேரில் போய்ப் பனி நிறையை அளந்துவரும் பனியாறு அது. நீங்கள் படத்தில் கண்டதைத் தரையில் அளந்த எண்களுடன் ஒப்பிட்டுப் பார்க்க இப்படிப்பட்ட இடங்கள் இமயத்தில் சிலதான் உண்டு.

காரகோரம் பக்கம் போனால் எச்சரிக்கை. அங்கே சில பனியாறுகள் பல ஆண்டு சும்மா இருந்துவிட்டு, திடீரென ஓரிரு ஆண்டுகளில் கிலோமீட்டர் கணக்கில் முன்னே பாயும். அந்தப் பாய்ச்சலைப் பருவநிலையோடு நேரடியாக முடிச்சுப்போட முடியாது.

படம் தேர்வு: வேலையின் பாதி இங்கேதான்

படங்கள் கிடைக்கும் இடங்கள் மூன்று. லேண்ட்சாட்டுக்கு அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்ப்ளோரர். சென்டினலுக்கு கோபர்நிகஸ் பிரவுசர். ஐஆர்எஸ் வரிசையைச் சேர்ந்த ரிசோர்ஸ்சாட்டின் லிஸ்-3 படங்களுக்கு ஹைதராபாத் தேசியத் தொலையுணர்வு மையத்தின் பூநிதி. மூன்றிலும் பெயர் பதிந்தால் போதும், காசு இல்லை. கோமுக்குக்கு வடக்கு 30°55', கிழக்கு 79°05' என்று கொடுத்துத் தேடலாம்.

தேதிதான் எல்லாம். பனியாற்றின் உண்மையான விளிம்பு தெரிய வேண்டுமானால், போன குளிர்காலத்துப் பனி முழுக்க உருகி, புதுப்பனி இன்னும் விழாத இடைவெளி வேண்டும். கங்கோத்ரி பகுதிக்கு அது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை. டெல்லியில் மழை விடைபெற்று வானம் வெளுக்கும் அதே வாரங்கள். ஜூலை, ஆகஸ்டில் மேகம் விடாது. நவம்பரில் சூரியன் தாழ்ந்து, மலை நிழல் பள்ளத்தாக்கை மூடிவிடும். லடாக்கில் பருவமழையின் தாக்கம் குறைவு என்பதால் ஆகஸ்டிலேயே தேடலாம்.

அக்டோபரிலும் ஆபத்து உண்டு. மேற்கத்திய இடையூறு (மேற்கிலிருந்து மழையும் பனியும் கொண்டுவரும் வானிலை அமைப்பு) ஒன்று வந்து ஒரே இரவில் பனி கொட்டிவிட்டுப் போனால், மறுநாள் படத்தில் மொரைன் (பனியாறு தள்ளிக் குவித்த கல்மண்) மேடும் பாறையும் சேர்ந்து வெளுத்திருக்கும். பனியாறு 'வளர்ந்தது' போலத் தோன்றும். சோதிக்க எளிய வழி உண்டு. முகப்புக்கு வெளியே, பனியாறு நிச்சயமாக இல்லாத ஒரு சமதளத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளை இருந்தால் அந்தப் படம் வேண்டாம், மேகமே இல்லாவிட்டாலும் வேண்டாம்.

தளத்தில் காட்டும் 'மேகம் 40%' என்ற எண்ணை நம்பி நல்ல படத்தைத் தள்ளிவிடாதீர்கள். அது 185 கிலோமீட்டர் அகலப் படம் முழுவதற்குமான கணக்கு. உங்கள் பனியாறு அதில் ஒரு மூலை. கூடவே, தானியங்கி மேகக் கணிப்பு பனியையே மேகம் என்று எண்ணிக்கொள்வதும் சகஜம். சிறுபடத்தைப் பெரிதாக்கிக் கண்ணால் பாருங்கள்.

எந்தச் செயற்கைக்கோள் எதற்கு உதவும், எங்கே காலை வாரும்?

லேண்ட்சாட் 1, 2, 3இன் படங்கள் 1972இல் தொடங்குகின்றன. ஆனால் அவற்றில் குறுஅலை அகச்சிவப்பு பேண்ட் இல்லை. (இதைத் தொழில்முறையில் ஸ்விர் என்பார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.) அது இல்லாமல் பனியைத் தானாகப் பிரிக்க முடியாது.

லேண்ட்சாட் 5 நம் தொடக்கப் புள்ளி. 8 பிட் சென்சார் என்பதால் புதுப்பனியில் ஒளி தெவிட்டி, மேல்பகுதி ஒரே வெள்ளையாகத் தெரியும். முகப்பில் அந்தத் தொல்லை இல்லை.

லேண்ட்சாட் 7இன் 1999–2002 படங்கள் அருமையானவை. 2003 மே 31இல் அதன் வரித்திருத்தக் கருவி பழுதானது. அதற்குப் பிந்தைய படங்களில் கறுப்புக் கோடுகள் விழும், ஏறக்குறைய 22 சதவீதப் பரப்பு காணாமல் போகும். படத்தின் நடுப்பகுதியில் உங்கள் பனியாறு விழுந்தால் மட்டும் தப்பிக்கும்.

லேண்ட்சாட் 8 (2013), 9 (2021) பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நம்பி எடுக்கலாம். சென்டினல்-2 2015 முதல் உண்டு. பச்சை, சிவப்பு பேண்டுகள் 10 மீட்டர், ஸ்விர் 20 மீட்டர். ஒரு குறிப்பு: சென்டினல் ஒரே இடத்தைப் பக்கத்துப் பக்கத்துச் சுற்றுப்பாதைகளிலிருந்து பார்க்கும். செங்குத்து மலையில் பார்வைக் கோணம் மாறினால் சரிவுகள் சற்று இடம்பெயர்ந்து விழும். ஒப்பிடும் படங்கள் எல்லாம் ஒரே சுற்றுப்பாதை எண்ணில் இருக்கட்டும்.

எண்ணாக மாற்றுதல்: பலர் சறுக்கும் இடம்

படத்தில் இருக்கும் எண் நேரடியாக ஒளிப் பிரதிபலிப்பு அல்ல. லேண்ட்சாட் கலெக்‌ஷன் 2, லெவல் 2 படத்தில் ஒவ்வொரு எண்ணையும் 0.0000275ஆல் பெருக்கி, 0.2 கழிக்க வேண்டும். "விகிதம்தானே எடுக்கப்போகிறோம், பெருக்கல் அடிபட்டுவிடுமே" என்று நினைத்து இதை விடுகிறவர்கள் அதிகம். பெருக்கல் அடிபடும், அந்த 0.2 அடிபடாது.

அழுக்குப் படிந்த பனிக்கு பச்சையில் 0.25, ஸ்விரில் 0.10 பிரதிபலிப்பு என்று வையுங்கள். சரியாகக் கணக்கிட்டால் பனிக் குறியீடு (அடுத்த பகுதியில் வரும் என்டிஎஸ்ஐ) 0.43. மாற்றாமல் கணக்கிட்டால் 0.20. வரம்பு 0.4 என்றால், இருக்கும் பனி இல்லாததாகிவிடும். முகப்புப் பகுதியில்தான் பனி அழுக்காக இருக்கும் என்பதால், பிழை சரியாகப் போய் உயிர்நாடியில் விழுகிறது.

சென்டினலிலும் இதே பொறி வேறு உருவில் இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் புது முறையில் வரும் படங்களில் ஒவ்வொரு எண்ணிலும் 1,000 கூட்டப்பட்டிருக்கும். முதலில் 1,000 கழித்து, பிறகு 10,000ஆல் வகுக்க வேண்டும். பழைய படங்களுக்கு வகுத்தல் மட்டும். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் 2022இல் பனியாறு திடீரெனச் சுருங்கியதாக ஒரு 'கண்டுபிடிப்பு' கையில் வந்து நிற்கும். கூகுள் எர்த் இன்ஜினில் வேலை செய்பவர்கள் 'ஹார்மனைஸ்டு' என்று பெயர் போட்ட தொகுப்பை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பனியைப் பிரித்தல்

பனி, பச்சை ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், ஸ்விரை விழுங்கிவிடும். பாறை அப்படியில்லை. மேகம் ஸ்விரையும் திருப்பி அனுப்பும். இந்த வேறுபாட்டைத்தான் என்டிஎஸ்ஐ என்ற குறியீடு பிடிக்கிறது:

என்டிஎஸ்ஐ = (பச்சை − ஸ்விர்) ÷ (பச்சை + ஸ்விர்)

லேண்ட்சாட் 5, 7இல் பேண்ட் 2, 5. லேண்ட்சாட் 8, 9இல் பேண்ட் 3, 6. சென்டினல்-2இல் பேண்ட் 3, 11. கியூஜிஐஎஸ்ஸில் ராஸ்டர் கால்குலேட்டரைத் திறந்து இதை எழுதி, 0.4க்கு மேல் இருப்பதை 1 என்றும் மற்றதை 0 என்றும் ஆக்கினால் முதல் வரைவு கிடைக்கும். நிழல் அதிகமான பள்ளத்தாக்கில் சிவப்பை ஸ்விரால் வகுத்து, 2ஐ ஒட்டி வரம்பு வைப்பது இதைவிடத் துல்லியமாக வரும்.

0.4 என்பது வேதவாக்கு அல்ல. 0.35, 0.40, 0.45 மூன்றையும் போட்டுப் பார்த்து, படத்தோடு ஒத்துவருவதை எடுங்கள். எடுத்த பிறகு மாற்றாதீர்கள். 1998க்கு ஒரு வரம்பு, 2022க்கு இன்னொரு வரம்பு என்றால் நீங்கள் அளப்பது உங்கள் வரம்பைத்தான்.

ஏரி இருக்கும் இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீரும் ஸ்விரை விழுங்கும், எனவே என்டிஎஸ்ஐ ஏரியையும் பனி என்றே காட்டும். சமுத்திர டாப்புவில் ஏரி வளர வளர, கணினி அதைப் பனியாற்றோடு சேர்த்து எண்ணி, பின்வாங்கலே இல்லை என்று சாதிக்கும். அண்மை அகச்சிவப்பு பேண்டில் பிரதிபலிப்பு 0.11க்கு மேல் இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனை போட்டால் தெளிந்த நீர் விலகும். கலங்கிய ஏரி இதற்கும் மசியாது. அதைக் கையால்தான் வெட்ட வேண்டும்.

அடுத்து சீவ் கருவியால் துண்டு துணுக்குகளை நீக்குங்கள். லேண்ட்சாட்டில் 22 பிக்சலுக்குக் குறைவானவை, அதாவது 0.02 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் உள்ளவை, பெரும்பாலும் பள்ளத்தில் தங்கிய பனிதான். பிறகு பாலிகனாக (மூடிய எல்லைக்கோட்டு வடிவமாக) மாற்றி, மேலிருந்து கீழ்வரை கண்ணால் திருத்துங்கள். திருத்தும்போது பின்னணியில் ஸ்விர், அண்மை அகச்சிவப்பு, சிவப்பு என்ற வரிசையில் வண்ணக் கலவை இருக்கட்டும். அதில் பனி நீலமாகவும், மேகம் வெள்ளையாகவும், பாறை பழுப்பாகவும் பிரிந்து நிற்கும். எல்லாப் படங்களையும் ஒரே உருப்பெருக்கத்தில், உதாரணமாக 1:10,000இல், வரைய வேண்டும். ஒன்றை நெருங்கி வரைந்து இன்னொன்றைத் தள்ளி நின்று வரைந்தால் கோடு வழுக்கும்.

அளவுக்கான வரைபடத் திட்டமும் முக்கியம். கங்கோத்ரிக்கு யுடிஎம் மண்டலம் 44 வடக்கு. லாஹௌல், சான்ஸ்கார் என்றால் மண்டலம் 43. இணைய வரைபடங்களின் வெப் மெர்கேட்டர் திட்டத்திலேயே விட்டுவிட்டால், 31° அட்சரேகையில் நீளம் சுமார் 17 சதவீதமும் பரப்பு சுமார் 36 சதவீதமும் கூடுதலாக வரும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது.

கல் மூடிய பனியாறு

இப்போது கங்கோத்ரிக்கு வருவோம். சுமார் 30 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பனியாற்றின் கடைசிப் பல கிலோமீட்டர்கள் கல்மண் போர்வைக்குள் கிடக்கின்றன. என்டிஎஸ்ஐ அதைப் பாறை என்றே சொல்லும். தானியங்கி முடிவை அப்படியே எடுத்தால், முகப்பு உண்மையான இடத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் மேலே போய்விடும்.

இங்கே கண்ணும் அனுபவமும்தான் கருவி. தேட வேண்டிய அடையாளங்கள்: ஆறு எந்தப் புள்ளியில் வெளிப்படுகிறது, அதை ஒட்டிச் செங்குத்தான பனிச்சுவரின் நிழல் விழுகிறதா, பரப்பில் சிறு குட்டைகளும் குழிகளும் உள்ளனவா (அடியில் பனி இருந்தால்தான் அவை உண்டாகும்), முகப்புக்கு முன்னே வெளிர் நிறத்தில் மணலும் கூழாங்கல்லும் பரந்த ஆற்றுப்படுகை எங்கே தொடங்குகிறது. கோமுக்கில் முதல் இரண்டும் நன்றாகவே தெரியும். சென்டினல் படத்தில் பனிச்சுவர் ஒரு கறுத்த வில்லாக விழும். பக்கவாட்டு விளிம்புதான் உண்மையான தலைவலி. பழைய மொரைன் மேடும் கல்மூடிய பனியும் ஒரே நிறம்.

உதவிக்கு வரக்கூடியவை சில. கோபர்நிகஸ் 30 மீட்டர் உயர வரைபடத்திலிருந்து சரிவை எடுத்தால், பனியாற்று நாக்கு மென்சரிவாகவும் பள்ளத்தாக்குச் சுவர் செங்குத்தாகவும் பிரியும். 24 டிகிரியை ஒரு தொடக்க வரம்பாக வைத்துக்கொண்டு பிறகு மாற்றிப் பார்க்கலாம். லேண்ட்சாட்டின் வெப்ப பேண்டில் மெல்லிய கல்போர்வை சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும். ஆனால் போர்வை அரை மீட்டரைத் தாண்டினால் குளிர் மேலே எட்டாது. லேண்ட்சாட் 8இன் வெப்பப் பிக்சல் அசலில் 100 மீட்டர் என்பதையும் மறக்க வேண்டாம்.

நல்ல சாட்சி, அசைவு. சென்டினல்-1 ரேடார் படங்களில் 12 நாள் இடைவெளி ஜோடி ஒன்றை எடுத்து, இரண்டுக்கும் உள்ள ஒத்திசைவைக் கணக்கிட்டால், அசையாத தரை பளிச்சென்றும், நகரும், உருகும் பனியாற்றுப் பரப்பு கறுத்தும் தெரியும். இதற்கு ஸ்நாப் என்ற இலவச மென்பொருள் போதும். லேப்டாப் மட்டும் கொஞ்சம் முனகும், 16 ஜிபி இருந்தால் நல்லது. மழையோ பனியோ விழுந்த நாட்களில் எல்லாமே கறுத்துவிடும், அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். முகப்பை ஒட்டி உயிரற்றுக் கிடக்கும் பனி அசையாது என்பதால், இந்த முறை கோட்டைச் சற்று மேலே தள்ளிக் காட்டும். 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய-அமெரிக்க ரேடார் செயற்கைக்கோள் நிசார், இன்னும் நீண்ட அலைநீளத்தில் இதே வேலைக்கு உதவக்கூடியது.

கூகுள் எர்த் புரோவின் பழைய படங்களைப் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்வது நல்லது, குட்டையா நிழலா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும். ஆனால் அதில் அளக்காதீர்கள். ஒரே திரையில் வெவ்வேறு தேதிப் படங்கள் தைக்கப்பட்டிருக்கும், செங்குத்துச் சரிவில் படம் இழுபட்டும் இருக்கும்.

பொருத்தம் பார்த்தல்

இரண்டு படங்களையும் மேலும் கீழும் வைத்து, மேல் படத்தை அணைத்து அணைத்துப் பாருங்கள். பாறை முகடு, பெரும் பாறாங்கல், பாலம், சாலை வளைவு என்று அசையாத 15–20 இடங்களில் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, வர்க்கச் சராசரியின் மூலத்தை எடுங்கள். மேலே 15 மீட்டர் என்று வைத்தோமே, அந்த இடத்தில் இந்த எண் போய் உட்கார வேண்டும். அரைப் பிக்சலுக்கு மேல் போனால் கியூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சர் கருவியில் படத்தின் இடத்தைத் திருத்துங்கள். புள்ளிகள் எல்லாம் பள்ளத்தாக்கின் அடியிலேயே இருந்தால் போதாது, பனியாற்று முகப்பின் உயரத்திலும் சில வேண்டும்.

பின்வாங்கலை அளத்தல்

நடுக்கோடு ஒன்றை வரைந்து, இரண்டு முகப்புகளும் அதை வெட்டும் புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரத்தை எடுப்பது எளிய வழி. பலரும் அதையே செய்கிறார்கள். அது மோசமான வழியும்கூட. முகப்பு நேர்க்கோடு அல்ல. நடுவில் ஒரு குகை இடிந்து விழுந்தால் அந்த ஆண்டு நூறு மீட்டர் போனதாக வரும், பக்கவாட்டில் ஒன்றுமே நடந்திருக்காது.

பெட்டி முறையைப் பயன்படுத்துங்கள். பனியாற்றின் ஓட்டத் திசைக்கு இணையாக இரண்டு பக்கக் கோடுகள், முகப்புக்கு நன்றாக மேலே ஒரு குறுக்குக் கோடு. எல்லா ஆண்டுகளுக்கும் அதே பெட்டி, ஒரு மீட்டரும் மாறக்கூடாது. ஒவ்வொரு ஆண்டும் பெட்டிக்குள் எவ்வளவு பரப்பு பனி என்று பார்த்து, வித்தியாசத்தைப் பெட்டியின் அகலத்தால் வகுத்தால் சராசரிப் பின்வாங்கல் கிடைக்கும்.

உதாரணத்துக்கு, பெட்டி அகலம் 600 மீட்டர், 25 ஆண்டில் இழந்த பரப்பு 2,10,000 சதுர மீட்டர் என்று வையுங்கள். 350 மீட்டர் பின்வாங்கல், ஆண்டுக்கு 14. பிழை ±57 மீட்டரை 25ஆல் வகுத்தால் ±2.3. இதை "ஆண்டுக்கு 14 ± 2.3 மீட்டர்" என்று எழுத வேண்டும். "14.03 மீட்டர்" என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் மேற்கொண்டு படிக்க மாட்டார்.

கோடு வரைபவரின் பிழை தனி. ஒரே முகப்பை ஒருவரே மூன்று வெவ்வேறு நாட்களில், முந்தைய கோட்டை மறைத்துவிட்டு வரையட்டும். இன்னொருவரும் வரையட்டும். கோடுகளுக்கிடையே உள்ள சிதறலைப் பாருங்கள். சுத்தமான பனியில் ஒரு பிக்சலுக்குள் நிற்கும். கல்மூடிய முகப்பில் அதைத் தாண்டும். தாண்டினால் அந்தப் பெரிய எண்ணையே பிழையாக எழுத வேண்டும், சூத்திரம் தந்த சின்ன எண்ணை அல்ல.

பழைய காலத்துக்குப் போக ஆசைப்படுபவர்களுக்கு: 1960களின் கொரோனா, 1970களின் ஹெக்ஸகன் உளவுப் படங்கள் எர்த் எக்ஸ்ப்ளோரரில் உண்டு. சில மீட்டர் துல்லியம், கறுப்பு வெள்ளை. ஆனால் கொரோனாவின் சுழல் கேமரா படத்தை ஓரங்களில் வளைத்துவிடும், நேராக்குவது தனிப் படிப்பு. அதே காலத்து இந்திய நில அளவைத் துறையின் (சர்வே ஆஃப் இந்தியா) நிலப்படத் தாள்களை அடிக்கோடாக எடுப்பதும் வழக்கம். அவற்றில் சில இடங்களில் பருவப் பனியும் பனியாறாக வரையப்பட்டிருப்பதால், அங்கே தொடங்கும் கணக்கு இழப்பைக் கூட்டிக் காட்டும்.

முகப்பு நின்றுவிட்டால் பனியாறு பிழைத்ததா?

கல்போர்வை தடித்த பனியாறுகளில் முகப்பு பல ஆண்டு அசையாமல் இருக்கும், உடம்பு மட்டும் மேலிருந்து மெலியும். நீளத்தை மட்டும் அளப்பவர் இதைத் தவறவிடுவார். எனவே முடிந்தால் உயரத்தையும் பாருங்கள். 2000 பிப்ரவரியின் எஸ்ஆர்டிஎம் உயர வரைபடம், 2011–15 காலத்துத் தரவிலிருந்து வந்த கோபர்நிகஸ் வரைபடம் இரண்டும் இலவசம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மெலிவு தெரியும்.

கழிக்கும் முன் இரண்டையும் பொருத்தியே ஆக வேண்டும். 30 டிகிரி சரிவில் 15 மீட்டர் பக்கவாட்டுப் பிசகு, 8 மீட்டருக்கும் மேற்பட்ட பொய் உயர மாற்றத்தைத் தரும். பனியற்ற பாறைச் சரிவுகளில் கழித்தல் பூஜ்யத்தை ஒட்டி வருகிறதா என்று முதலில் பாருங்கள். கிழக்குச் சரிவெல்லாம் சிவப்பாகவும் மேற்குச் சரிவெல்லாம் நீலமாகவும் வந்தால் பொருத்தம் தவறு. எஸ்ஆர்டிஎம்மின் ரேடார் அலை குளிர்காலப் பனிக்குள் சில மீட்டர் ஊடுருவியிருக்கும் என்பதால், மேல்பகுதி எண்களை அப்படியே நம்ப வேண்டாம். பனியின் கன அளவை நிறையாக மாற்ற கன மீட்டருக்கு 850 ± 60 கிலோ என்ற அடர்த்தி வழக்கத்தில் உள்ளது.

முகப்பில் ஏரி இருந்தால் அதன் பரப்பையும் தனி வரிசையில் குறித்து வாருங்கள். சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி 2023 செப்டம்பர் 28இல் 167.4 ஹெக்டேர், அக்டோபர் 4 காலையில் 60.3 ஹெக்டேர். இடையில்தான் அது உடைத்துக்கொண்டு தீஸ்தாவில் இறங்கியது. அந்த வாரத்து மேகத்தில் உதவியது ரேடார் படங்கள்தான்.

சேமிப்பும் நேர்ச் சரிபார்ப்பும்

ஒவ்வொரு பாலிகனோடும் படத்தின் முழு அடையாள எண், தேதி, வரைந்தவர், வரம்பு, பொருத்தப் பிழை, கோட்டுப் பிழை ஆகியவற்றை அட்டவணையின் நெடுவரிசைகளாகவே ஜியோபேக்கேஜ் கோப்பில் வையுங்கள். தனி நோட்டில் எழுதினால் இரண்டு வருஷத்தில் நோட்டு தொலையும். உலகப் பனியாறுகளின் எல்லைகளைத் தொகுத்த ராண்டால்ஃப் பனியாற்றுப் பட்டியலின் எல்லைக்கோட்டை ஒப்பிட எடுக்கலாம். அது 2000ஐ ஒட்டிய நிலை என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

2007இல் வந்த ஐபிசிசி (ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு) அறிக்கை, இமயப் பனியாறுகள் 2035க்குள் மறையலாம் என்று சொல்லி, 2010 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். சரியான அடிப்படைத் தரவு இல்லாத ஒரே ஒரு வரி அத்தனை பெரிய அறிக்கையையே சந்தி சிரிக்க வைத்தது. உங்கள் கோப்பில் படத்தின் அடையாள எண் இருந்தால், யார் வேண்டுமானாலும் அதே படத்தை இறக்கி அதே கோட்டைச் சரிபார்க்கலாம்.

கோமுக்குக்கே போய்ப் பார்க்க நினைத்தால், கங்கோத்ரி ஊரிலிருந்து ஒருவழி 18 கிலோமீட்டர் நடை. தேசியப் பூங்கா அனுமதி வேண்டும், நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான். படம் எடுத்த தேதியை ஒட்டி, அதாவது செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் முதல் பாதியில் போவது உத்தமம். குளிர்காலத்தில் பூங்கா மூடிவிடும். பனிச்சுவருக்குக் கீழே போய் நிற்காதீர்கள், மதிய வெயிலில் கல்லும் பனிக்கட்டியும் உதிரும். தள்ளி நின்று, செயற்கைக்கோள் படத்தில் அடையாளம் தெரியும் ஒரு பெரிய பாறாங்கல்லின் மேல் ஜிபிஎஸ்ஸை ஐந்து நிமிடம் வைத்துச் சராசரி எடுத்து, அங்கிருந்து முகப்பின் இரு ஓரங்களுக்கும் திசைமானியில் கோணம் குறியுங்கள். போன் ஜிபிஎஸ்ஸின் பிழை பள்ளத்தாக்கில் பத்து மீட்டர் வரை போகலாம். அதுவும் சென்டினலின் ஒரு பிக்சல்தான் என்பதால், இந்த வேலைக்கு அது போதும்.